இன்னும் ஒரு ஜோடி லைட்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று ஓர் எருமை என்னைக் கொல்லப் பார்த்தது. ஊத்துக்காட்டு மாந்தோப்பைத் தாண்டியதும் நடு ரோட்டில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த செண்பகம் "மச்சான், மாடு!" என்று கத்தியிராவிட்டால் இந்த நேரம் எங்களுக்கு மாலை வாங்கப் போயிருப்பார்கள். எருமையைக் கறுப்பாகப் படைத்தவனை முதலில் சொல்ல வேண்டும். அடுத்தபடியாக இந்த வண்டியின் ஹெட்லைட்டைச் சொல்ல வேண்டும். சாமி மாடத்து அகல்விளக்குகூட அதைவிடத் தேவலை.

செண்பகம் மலையடிவாரத்து மாணவியர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளுக்கு இரவுச் சோறு போட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் கடைசி பஸ் போய்விடும். நான் போடியில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை முடிந்ததும் நேரே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். பல வருஷமாக இதுதான் நடைமுறை. இந்த வருஷம் அவள் வேலை நிரந்தரமாகிவிடும் என்கிறார்கள். இப்போது போய் ஒரு நாள்கூட மட்டம் போட முடியாது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "நான் வேணா வேலைய விட்டுறவா மச்சான்?" என்றாள். நன்றாகக் கேட்டாள். ஒரு லைட் சரியில்லை என்பதற்காக யாராவது வேலையை விடுவார்களா?

செப்டம்பர் 14, ஞாயிறு

எக்ஸ்ட்ரா லைட் ஒரு ஜோடி வாங்கி, நானே மாட்டிவிட்டேன். முன் கார்டு கம்பியில் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச். இதற்குப் போய் மெக்கானிக் ரபீக்கிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு அவன் கடை வாசலில் அரை நாள் உட்கார்ந்திருப்பதா? சுவிட்சைத் தட்டினேன். எதிர் வீட்டுச் சுவர் பகல் மாதிரி ஆகிவிட்டது.

அபி வெளியே வந்து பார்த்துவிட்டு, "அப்பா, பட்டிமன்ற மேடை மாதிரி இருக்குப்பா" என்றாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வாய் மட்டும் கடைசி வருஷம்.

செப்டம்பர் 16

பேட்டரி செத்துப்போனது.

செப்டம்பர் 17, புதன்

நேற்று அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி வண்டியை நிறுத்தியபோது லைட் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். விடிய விடிய எதிர் வீட்டுச் சுவருக்கு நான் வெளிச்சம் போட்டிருக்கிறேன். அந்த வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் முனகியது. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

ரபீக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஒயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இந்தப் புண்ணியவான்?" என்றான். நான் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். சார்ஜ் போட்டுக் கொடுத்தான்.

செப்டம்பர் 25

இன்று ஸ்டோரில் முதலாளி வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேரிடம் என்னைக் காட்டி, "எங்க தரம் பாக்குற மிஷினு இவருதான்" என்றார். உண்மைதான். ஏலக்காயில் அவர்கள் பச்சை என்று ஒரே நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் மூன்று பச்சை பார்ப்பேன். சல்லடை பிரிக்காததை என் கண் பிரிக்கும். இருபது வருஷமாக இந்தக் கண்தான் சோறு போடுகிறது.

திரும்பும்போது மூட்டைத் தள்ளுவண்டி ஒன்று பக்கவாட்டில் வந்து முழங்காலில் இடித்தது. "அண்ணே, நிறுத்தித்தான வெச்சிருந்தேன்" என்கிறான் தள்ளுவண்டிக்காரன். இந்த ஊரில் எல்லாரும் பக்கவாட்டில்தான் வருகிறார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டு லைட் போதவில்லை. நேராக அடிக்கிறதே தவிர, ரோட்டோரம் இருட்டாகவே கிடக்கிறது. கூட ஒரு ஜோடி மாட்டினேன். இது பெரிய ஆலஜன், லாரிக்குப் போடுவது. ஓரத்தைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

செண்பகம் தோசைக் கரண்டியோடு வந்து வாசலில் நின்று பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அவள் எதையாவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, கேட்காவிட்டால் இன்னும் கோபம் வருகிறது.

அக்டோபர் 9

எதிரே வந்த பஸ் டிரைவர் நிறுத்தித் தலையை வெளியே நீட்டி, "யோவ், கல்யாண ஊர்வலமா போற? கண்ணு கூசுதுய்யா!" என்றார். கூசட்டும். எனக்கு ரோடு தெரிய வேண்டாமா?

அபி சொல்கிறாள், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். அப்பா லைட்டு சரியில்லைங்கிறாரு."

இப்போதெல்லாம் செண்பகம் பின்னால் இருந்தே வண்டி ஓட்டுகிறாள். "இடது பக்கம் ஆளு. மெதுவா. பள்ளம் வருது." நான் ஓட்டுவதா, அவள் ஓட்டுவதா? எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று அவள் தூங்கிவிட்டாளோ என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 15, புதன்

மாந்தோப்பு ரோட்டில் வண்டி நின்றேவிட்டது. மேடு பள்ளம் என்று மெதுவாக வந்துகொண்டிருந்தோம். நாலு லைட்டும் மங்கி மங்கிச் சிவந்து, கடைசியில் ஹெட்லைட்டும் சேர்ந்து அணைந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தச் சின்ன பேட்டரி என்ன செய்யும், பாவம்.

தள்ளிக்கொண்டு நடந்தோம். செண்பகம் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் போனாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று, "கையக் குடுங்க மச்சான்" என்றாள். தோப்புக்குப் பக்கத்தில் சுடுகாடு. பயந்திருப்பாள். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு ஊர் வரை வந்தேன்.

வழியில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் அப்பாவைக் கேலி செய்தேன். அவர் என் தாய்மாமன். உயிரோடு இருந்த வரைக்கும் ஆறு மணி அடித்தால் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். சின்ன வயதில் புளியமரத்தடியில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்பார்கள். குடும்பத்தில் அவருக்கு 'ஆறுமணி' என்றே பேர். "ஆறுமணி மகளுக்கு இருட்டுன்னா பயம் இருக்கத்தானே செய்யும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல பின்வாசல்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் அம்மா ஒரு கயிறு கட்டியிருப்பாங்க. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"துணி காயப்போடுற கயிறு."

"அதுல என்னைக்காவது துணி காஞ்சு பாத்திருக்கீங்களா?"

எனக்கு ஞாபகமில்லை. அடுத்தவர் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. நான் பற்றவைத்துவிட்டுத் தள்ளி வந்த புஸ்வாணத்தை, வாசலுக்கு வந்த அபி காலால் எத்திவிட்டாள். அது உருண்டு கோலத்தின் மேல் தீயைக் கக்கியது. பாவாடை தப்பியது பெரிய காரியம். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்திவிட்டேன். தெருவே பார்த்தது. அழுதுகொண்டே உள்ளே போனவள் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். வயசுப் பெண், நினைப்பெல்லாம் எங்கேயோ இருக்கிறது. காலையில் நூறு ரூபாய் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கடைசியில் ரபீக்கிடமே சரணடைந்தேன். அவன் என் ஒயரிங்கை முழுக்கப் பிடுங்கித் தரையில் போட்டான்.

"அண்ணே, பேட்டரிங்கிறது தொட்டி. வண்டி ஓடுறப்போ உள்ள ஒரு காயில் தண்ணி எறைச்சு ஊத்திக்கிட்டே இருக்கு. அது ஊத்துறதவிட நீங்க அதிகமா மொண்டா, தொட்டி வத்தத்தான செய்யும்? மெதுவாப் போனா அது ஊத்துறதும் கம்மி. இந்த ஆலஜனைத் தூக்கி எறிங்க முதல்ல."

அதற்குப் பதிலாகக் குறைந்த வாட்டில் எல்.இ.டி. போட்டான். முன்னால் போட்டதோடு சேர்த்து நாலு லைட், ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு ஆலஜன் தின்பதைக்கூடத் தின்னாதாம். நடுவில் பியூஸ். அப்புறம் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி.

"மொத்தக் கரண்டும் சுவிட்சு வழியாப் போகக்கூடாதுண்ணே. சுவிட்சு ரிலேக்குச் சொல்லும், ரிலே பேட்டரில இருந்து எடுத்து லைட்டுக்குக் குடுக்கும். அந்தச் சொல்ற ஒயர சாவி லைன்ல இருந்து எடுத்திருக்கேன். சாவிய உருவினா லைட்டு அணைஞ்சுரும். நீங்க மறந்தாலும் அது மறக்காது."

ஹேண்டில்பாரில் ஒரு மீட்டரும் வைத்தான். நாலு லைட்டும் எரியும்போது பதினாலு வோல்ட் காட்டியது. "பதிமூணுக்குக் கீழ வந்தாத்தான் கவலைப்படணும். இனிமே பேட்டரி எறங்குச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்" என்றான். மனதுக்கு நிறைவாக இருந்தது. எருமை வரட்டும் பார்க்கலாம்.

நவம்பர் 3

மீட்டர் பதினாலு காட்டுகிறது. ரோடு தெரியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

செண்பகத்தை வீட்டில் இறக்கிவிட்டு நேராக ரபீக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். லைட்டைக் குழாய்க்குள் வைத்துக் கட்டினாயா, நடுவில் ஒரு வட்டம்தான் தெரிகிறது, சுற்றிலும் தார் பூசின மாதிரி இருக்கிறது என்றேன். அவன் மறுத்துப் பேசாமல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "வாங்கண்ணே, ஒரு ரவுண்டு போவோம்" என்று பின்னால் ஏறிக்கொண்டான்.

ஊரைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னான். "அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

"மெதுவாகச் செல்லவும், ஆபத்தான வளைவு." தூரத்திலிருந்தே படித்துவிட்டேன். என் கண்ணைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்?

"பலகைக்கு இந்தப் பக்கம் நிக்கிற ஆளு என்ன கலர் சட்டை போட்டிருக்காரு?"

நான் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. விளையாடுகிறானா என்று திரும்பினேன். அப்போது பலகைப் பக்கமிருந்து ஒருவர் இருமிவிட்டு, "போடிக்கு இனிமே பஸ் இருக்காப்பா?" என்று கேட்டார்.

கடைசி பஸ் போய்விட்டது என்று ரபீக் அவருக்குப் பதில் சொன்னான். பிறகு, "அண்ணே, நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காருங்க" என்றான். என் வண்டியில் நான் பின்னால் உட்காருவதா? அவனை அங்கேயே இறக்கிவிட்டு வந்துவிட்டேன். அவன் எப்படி ஊர் திரும்பினானோ தெரியவில்லை.

நவம்பர் 11

விழுந்துவிட்டோம். நாய் குறுக்கே வந்தது. செண்பகத்துக்கு நெற்றியில் ஏழு தையல். எனக்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 12

நாய் எதுவும் வரவில்லை.

ரோடு இடது பக்கம் திரும்பியது, நான் திரும்பவில்லை. அவ்வளவுதான். அவள் "திரும்புங்க, திரும்புங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கியது வரை நினைவிருக்கிறது. ஓடையில் கிடந்தோம். வண்டி சாய்ந்து கிடந்தது. நாலு லைட்டும் அணையாமல் மரத்து உச்சியைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. ஒயர் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது நாய் என்று முதலில் சொன்னது செண்பகம்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அபியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் அதே நாயைச் சொல்லிவிட்டோம். அந்த நாய்க்கு இப்போது நிறம்கூட வந்துவிட்டது, செவலை.

ராத்திரி அவள் கட்டோடு படுத்திருந்தாள். "லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது மச்சான்" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மிஷின் ரிப்பேர் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், அன்பாகத்தான் பேசினார். "இருட்டுலதான் முதல்ல தெரியாமப் போகும். அப்புறம் ஓரங்கள் குறையும். நடுப்பார்வை ரொம்ப வருஷம் நல்லா இருக்கும், அதான் உங்களுக்கே தெரியல. விழித்திரையே தேயுது. கண்ணாடி போட்டோ ஆபரேஷன் பண்ணியோ சரி பண்ற வியாதி இல்ல இது."

"வெளிச்சம் கூடப் போட்டா?"

"வெளிச்சத்துல குறையில்லைங்க. வாங்கிக்கிற இடத்துலதான் குறை."

சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். தாய்மாமன் மகள் என்றேன். அப்பா அம்மா? அம்மா அப்பாவுக்கு அக்கா மகள். எங்களில் வெளியே பெண் எடுத்ததே கிடையாது. சொந்தமும் விட்டுப்போகாது, சொத்தும் விட்டுப்போகாது என்பார்கள். நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் ஒரு தாளில் வட்டமும் கட்டமும் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்து, ஒரு வட்டத்தில் நிறுத்தினார். "பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவளுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகப் படிக்கிறாள் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் செண்பகத்திடம், "உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"எருமைக்கு முன்னாடியே. எங்கப்பாவப் பாத்து வளந்தவ மச்சான் நான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? எங்கப்பாவுக்குச் சொன்னோம். என்ன ஆச்சு? சாகுற வரைக்கும் பேயின்னே சொல்லிக்கிட்டாரு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துகொண்டே இத்தனை நாள் என் பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். வேறு வழியில்லாமல் ஏறினாளா, என்னை விட்டுவிடக் கூடாது என்று ஏறினாளா? கேட்கத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 24, திங்கள்

செண்பகம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இரண்டு வாரமாகப் படுத்தது போதும், நிரந்தரம் செய்கிற நேரத்தில் ஆள் இல்லை என்றால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று பயம். யார் கூட்டிவருவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அபி சாவியை ஆணியிலிருந்து எடுத்தாள். "லைசென்ஸ் எதுக்குப்பா எடுத்தேன்? நான் போறேன்."

அவளிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, எனக்கு இருட்டில் கண் தெரியாது என்கிற வரைக்கும். டாக்டர் போட்ட கட்டமும் வட்டமும் அவளுக்கு எதற்கு?

சுவிட்சைக் காட்டினேன், மீட்டரைக் காட்டினேன். ரிலேயை விளக்கினேன். ரபீக் சொன்ன தொட்டிக் கதையை நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். இருட்டிய பிறகு தெருமுனையில் ஹாரன் கேட்டது. நாலு லைட்டோடு இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ரொம்ப மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, நிதானம் இருக்கிறது.

நான் போட்ட லைட் எனக்கு உதவவில்லை. என் மகளுக்காவது உதவுகிறதே. இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 28

பின்வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் புதிதாக ஒரு நைலான் கயிறு. எதற்கு என்றேன். "துணி காயப்போட" என்றாள் செண்பகம். சரி என்றேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாசல் முழுக்க விளக்கு. அம்மாவைக் கூட்டிவந்த அபி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தவள், ஓரத்தில் இருந்த அகல் மூன்றைத் தட்டிவிட்டாள். விளக்கை அப்படி நடைவழியில் வைத்தால் யாராக இருந்தாலும்…

டிசம்பர் 5, வெள்ளி

ராத்திரி கரண்ட் போயிருந்தது. அவர்கள் வந்து இறங்கிய சத்தம் கேட்டது. நான் குளியலறையிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் கயிறு ஆடியது. அந்த முனையையும் யாரோ பிடித்துக்கொண்டு வருகிறார்கள். செண்பகம் ஏதோ துணி போடுகிறாள் என்று நினைத்தேன்.

"யாரு?"

"நான்தாம்ப்பா."

அபியின் கை கயிற்றிலேயே வந்து என் கைமேல் இடித்து நின்றது. இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவளுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

"அம்மா சூப்பரா கட்டியிருக்காங்கப்பா இந்தக் கயிற. கரண்ட் போனா வசதியா இருக்கு" என்றாள். அப்புறம், "அப்பா, ரபீக் அண்ணன்கிட்ட சொல்லி இன்னும் ஒரு ஜோடி லைட்டு போடச் சொல்லுங்கப்பா. நடுவுல மட்டுந்தான் அடிக்குது. ரோட்டோரம் ஒண்ணுமே தெரியல. இன்னைக்கு மாந்தோப்புக்கிட்ட அம்மா கத்தலைன்னா ஒரு சைக்கிள்காரர இடிச்சிருப்பேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

மீட்டர் என்ன காட்டியது என்று கேட்டேன். பதினாலு என்றாள்.

"சரிம்மா, ஞாயித்துக்கிழமை போட்டுருவோம்" என்றேன். "அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

சாவியைக் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிக் கயிற்றோடு போனாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.